கம்பியில் பிளக்காத மிளகாய்

பேர் தெரியாத ஒரு மிளகாய்ச் செடிக்காக வசந்தகுமாரி இத்தனை பேச்சு வாங்குவாள் என்று யார் கண்டது? செகந்திராபாத் பத்மாராவ் நகரில் நாலு மாடி, பன்னிரண்டு வீடு. மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்துக் கத்தரி, வெண்டை, தக்காளி என்று வளர்ப்பவள் அவள் ஒருத்திதான். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

போன மழைக்காலத்தில் ஒரு தொட்டியில் அவள் விதைக்காத செடி ஒன்று முளைத்தது. மிளகாய் என்று இலையிலேயே தெரிந்தது, என்ன மிளகாய் என்றுதான் தெரியவில்லை. கார்த்திகையில் காய்த்தது பாருங்கள், விரல் நீளம், கரும்பச்சை, பறித்து நாலு நாள் ஆனாலும் வாடாது. கடித்தால் முதலில் ஒன்றுமில்லை. பத்து எண்ணுவதற்குள் உச்சிக்கு ஏறும். பறிக்கப் பறிக்கக் காய்த்ததால் வீட்டுக்கு வீடு கொடுத்தாள். அசோசியேஷன் செக்ரட்டரி துரைராஜின் மனைவி கனகம் வாரத்தில் மூன்று தடவை கிண்ணத்தோடு வருவாள். இந்த மிளகாய் போட்டால்தான் அவருக்குச் சட்னி இறங்குகிறது என்பாள்.

இது என்ன ரகம் என்று வசந்தகுமாரி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டாள். அதுதான் வினை. ஒருவர் குண்டூர் என்றார், ஒருவர் தாய்லாந்து என்றார். துரைராஜ் மட்டும் சந்தேகமே இல்லாமல் சாத்தூர் சம்பா என்றார். அவர் தாத்தா கன்டோன்மென்ட்டுக்கு வேலைக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் விதை கொண்டுவந்தாராம், அவர்கள் வீட்டுச் செடியிலிருந்து குருவி தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்குமாம். எழுதியதோடு நின்றாரா? மறுநாள் செடியில் ஓர் அட்டை தொங்கியது. 'சாத்தூர் சம்பா. உபயம்: துரைராஜ் குடும்பம்.' தண்ணீர் ஊற்றியவள் இவள், உபயம் அவர். வசந்தகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தே தீருவது என்று நாலு காயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். விதைக்கடையில் கையை விரித்தார்கள். மோண்டா மார்க்கெட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில் சனிக்கிழமை காலை கேட்டருகில் சலீம் பாயைப் பார்த்தாள். வாரா வாரம் எலுமிச்சையும் ஏழு மிளகாயும் கம்பியில் கோத்து வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறவர். பதினைந்து வருஷமாக அந்தத் தெரு முழுக்க அவர் கட்டுகிற சரம்தான். ஒரு காயை அவரிடம் நீட்டினாள். சலீம் பாய் அதை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. காம்புக்குக் கீழே கம்பியை ஏற்றினார். காய் பிளக்காமல் நின்றது.

"யே தோ அப்னீச் மிர்ச்சி, அம்மா," இது நம்ம மிளகாயேதான் என்றார். மற்ற மிளகாயில் கம்பி போனால் விரிசல் விடுமாம், ஒரு வாரம் வாடாமல் தொங்குவது நம்முடைய இது ஒன்றுதானாம். விகாராபாத் பக்கம் ஒரு விவசாயி அவருக்கென்றே பயிரிடுகிறார். ரகத்துக்குப் பேர் என்ன என்று அந்த ஆளுக்கே தெரியாது.

வசந்தகுமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆடி மாத மழையில் சலீம் பாய் இரண்டு வாரம் வரவில்லை. பழைய சரம் கேட்டிலேயே தொங்கி இரண்டு மிளகாய் பழுத்துப்போனது. கழற்றினால் முச்சந்தியில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது வழக்கம். முழங்கால் தண்ணீரில் முச்சந்திக்கு யார் போவது? மண்ணுக்கு நல்லதுதானே என்று தன் உரத்தொட்டியில் போட்டவள் அவளேதான். மாடித் தோட்டக்காரி கண்ணுக்கு எதுவும் குப்பை இல்லை, என்ன செய்ய.

மறைத்திருக்கலாம். மறைக்கத் தெரிந்தால் அவள் வசந்தகுமாரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாலு மாதம் சப்புக்கொட்டித் தின்ற வாயெல்லாம் வசைபாட ஆரம்பித்தது. ஊர்க்கண் முழுக்க வாங்கின மிளகாயையா தின்னக் கொடுத்தாய் என்று ஒருத்தி அழுதேவிட்டாள். தன் மகளுக்கு வந்த வரன் ஏன் தட்டிப்போனது என்று இப்போதல்லவா தெரிகிறது என்றார் துரைராஜ். உபய அட்டையைக் காணவே காணோம், எப்போது கழற்றினாரோ.

"நாளைக்குக் காலையில அந்தச் செடி மாடியில இருக்கக் கூடாது," என்றார். "மாடி பொது எடம். நீங்க பிடுங்கலன்னா வாட்ச்மேன் பிடுங்குவான்."

வசந்தகுமாரி எழுந்து நின்று கேட்டாள். யாருக்காவது ஒரு நாள் வயிற்றுவலி வந்ததா? இரண்டாம் மாடி லலிதாவுக்கு ஏழு வருஷம் கழித்துக் குழந்தை தங்கியதும் இந்த நாலு மாதத்தில்தானே, அது எந்தக் கண் பட்டு? நேற்று வரை உபயம், இன்றைக்குத் தோஷமா? லலிதாகூடத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வசந்தகுமாரிக்கு அதுதான் தாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் இடுப்புவலியைப் பார்க்காமல் தொட்டியைப் படி படியாக இறக்கி, மூன்றாம் மாடியில் தன் வீட்டு பால்கனியில் வைத்தாள். இது பொது இடமில்லை, எந்த வாட்ச்மேன் வருகிறான் பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னாள். இறக்கியதில் பாதிப் பூ உதிர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு அவள் சமைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கதவு மெல்லத் தட்டப்பட்டது. கனகம், கையில் கிண்ணம்.

"நாலே நாலு குடுங்கக்கா," என்றாள் தணிந்த குரலில். "கடை மொளகா சட்னிய தட்டோட தள்ளிட்டாரு. அவருக்குத் தெரிய வேணாம்."

"நக்கோ கனகம், வேணாம். உனக்குன்னா செடியோட எடுத்துக்கோ. ஆனா கூட்டத்துல பிடுங்கச் சொல்லிட்டு வீட்டுல திருட்டுத்தனமாத் தின்ன என் மொளகா கிடையாது. வேணும்னா அவரே வந்து கேக்கட்டும்."

சொன்ன பிறகுதான், யார் மேல் உள்ள ஆத்திரத்தை யாரிடம் காட்டுகிறோம் என்று வசந்தகுமாரிக்கு உறைத்தது. கனகம் அழுதுகொண்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தாள். கனகம் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே குனிந்தாள். இருபத்தாறு வருஷமாகப் புருஷனிடம் குரல் உயர்த்தாதவள், அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏங்க, மேல வாங்க. உங்க நாக்குக்கு வேண்டியத நீங்களே வந்து கேளுங்க."