காலி சிலிண்டரின் ஓசை

ஜாவாத் தீவின் ஜெபாராக் கரையில் படகு ஆற்றுமுகத்தில் நுழையும்போதே, அது தன் வீட்டுப் படகா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள் கஸ்மினா. பெட்ரோலில் அந்த எஞ்சின் இருமி இருமித்தான் ஓடும். போன மேல்காற்றுப் பருவத்தில் புருஷனைக் கடல் கொண்டுபோனது. படகு மட்டும் கரை ஒதுங்கியது. இப்போது மகன் ரொக்கிம் அதில் போகிறான். எஞ்சின் சமையல் கேஸில் ஓடும்படி போன வாரம் கருவி பூட்டினான். இருமல் நின்றுவிட்டது.

"வர்றது நீதான்னு எப்படிடா தெரிஞ்சுக்கிறது?" என்று காலையில் கேட்டாள்.

"காலி சிலிண்டரை ஸ்பானரால தட்டுறேம்மா. கணீர்னு கேக்கும்."

மதியம் மேற்கே கறுத்தது. கஸ்மினா காயப்போட்ட மீனை அள்ளினாள், மறுபடி பரப்பினாள், கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள்.

"நீ நடக்குற நடையில மணல் தேயுதுக்கா, உக்காரு" என்றாள் பக்கத்து வீட்டு தர்சிஹ்.

"உக்காந்தா காது கேக்காது எனக்கு."

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் கேஸ் படகுகள். ஒரே மாதிரி உறுமின. ஒன்றிலும் தட்டும் சத்தம் இல்லை. மழை இறங்கியது. அப்போது தூரத்தில் கணீர், கணீர் என்று விடாமல் கேட்டது.

"என்னக்கா, கடல்லேருந்து கிண்ணத்தைத் தட்டிக்கிட்டு சூப் வண்டி வருதா?" என்று சிரித்தாள் தர்சிஹ்.

ரொக்கிம் கரையில் குதித்தான். "கேட்டுச்சாம்மா?"

"ஊருக்கே கேட்டுச்சு. மானத்தை வாங்குறே" என்றாள் கஸ்மினா. பிறகு மெதுவாக, "நாளைக்கும் தட்டு" என்றாள்.

ஈர மணலில் உட்கார்ந்தாள்.