ஒன்பதாம் இலக்கச் சட்டை

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும் என்று லிண்டாவின் தம்பி அனோஜ் சொல்லிக்கொண்டிருந்தான். போதாது, எட்டுப் பேராவது வேண்டும் என்று ஞானேந்திரன் மாமா கோயில் வாசலில் நின்று வருகிறவர்களின் தோள்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் இரண்டு மினிபஸ்கள் வந்து நின்றன.

இறங்கியவர்கள் எல்லோரும் ஆண்கள். பாதிப்பேருக்கு மேல் நரைத்தவர்கள். கறுப்புக் கோட்டின் மேல் பச்சையும் வெள்ளையுமாகக் கம்பளித் துணி ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருந்தார்கள். ஒருவர் மடித்த கொடி ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"பார்த்தியே பிள்ளை, லெபனான்காரர் வந்திட்டினம்," என்றார் மாமா. அழுது சிவந்த கண்களில் இப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. "எல்லாம் நான் போட்ட நோட்டீஸ்."

லிண்டாவின் கையில் பூசைப் பாட்டுத் தாள்கள் இருந்தன. அவள் அவற்றை ஒரு கதிரையில் வைத்தாள்.

"இங்கிலீஷிலயும் போட்டனீங்களோ, மாமா?"

"மெரிலேண்ட்ஸ் பேஸ்புக்கில போட்டனான். ஏன், போடக்கூடாதோ? சும்மா பெயரை மட்டும் போட்டா வெறுமையாக் கிடக்கும். உன்ர கொப்பர் என்ன சும்மா ஆளே?"

தமிழ் மரண அறிவித்தலை அவள் இரண்டு நாளைக்கு முன்பே பார்த்திருந்தாள். மன்னாரைப் பிறப்பிடமாகவும் சிட்னி மெரிலேண்ட்ஸை வதிவிடமாகவும் கொண்ட, லெபனான் ஸைத்தூன் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்னாள் நட்சத்திர வீரர் கிறிஸ்ரியன் அவர்கள். எங்கள் ஆட்கள்தானே வாசிப்பார்கள் என்று அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

கொடி வைத்திருந்தவர் நேராக அவளிடம் வந்தார். தன் பெயர் எலியாஸ் என்றார். மெரிலேண்ட்ஸ் வீதியிலுள்ள ஸைத்தூன் ரசிகர் சங்கத்தின் தலைவர். அவர் பேசிய ஆங்கிலம் மெதுவானது, ஒவ்வொரு சொல்லையும் மேசையில் வைப்பதைப்போல.

"உன் அப்பா எங்கள் அணியில் ஆடியவர் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. மன்னித்துக்கொள். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவருடைய வருடத்துப் பதினொரு பேரையும் இலக்கப்படி கூப்பிடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் சேர்ந்து ஹாதிர் என்போம். இதோ இருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு கொடியைப் போர்த்துவோம். எந்த வருடம், என்ன இலக்கம் என்று மட்டும் சொல்லு."

லிண்டா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நம்பர் நைன். கப் இயர். நைன்ரி சிக்ஸ்."

எலியாஸ் தலையசைக்கவில்லை. மாமாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொண்ணூற்றாறில் ஒன்பது ஜோசப் ஹன்னா," என்றார். "அவன் மெல்பேனில் இருக்கிறான். நேற்று இரவும் என்னோடு கதைத்தான்."

"சப்ஸ்ரிரியூட்டா இருந்திருப்பார்," என்றார் மாமா, விடாமல்.

எலியாஸ் லிண்டாவைப் பார்த்துச் சொன்னார்: "பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டு வா. நாங்கள் நிற்கிறோம்."

கேட்பதற்கு எதுவும் இல்லை. ஒன்பதாம் இலக்கம் என்றுதான் அம்மாவும் சொல்லுவாள். அம்மாவுக்கு வந்த சம்பந்தப் படமே அதுதான். லெபனானின் திரிப்பொலியில் பேக்கரியில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா, நல்ல சட்டை வேறு இல்லாததால் கடையில் வாங்கிய ஒன்பதாம் இலக்கப் பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். மாமா அந்தப் படத்தைக் கொண்டுவந்து, "லெபனானில பந்தடிக்கிற பெடியன்" என்று தங்கச்சியிடம் காட்டினார். முதலில் திருத்த அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு திருத்தக்கூடிய காலம் போய்விட்டது.

இதை அவர் லிண்டாவுக்கு மட்டும் சொன்னார். அவள் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது இணையத்தில் அவருடைய பெயரைத் தேடிக் காணாமல் வந்து கேட்டாள். சங்கக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி சொன்னார். "நாங்கள் வெண்டனாங்கள் எண்டுதான் சொன்னனான் பிள்ளை. நான் வெண்டனான் எண்டு ஒருநாளும் சொல்லேல்ல."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவளோடு ரொட்டி வாங்கப் போகும்போது காரை அங்கேயே நிறுத்துவார். சங்கத்தின் கதவைப் பார்த்தபடி கழகத்தின் கதையைச் சொல்லுவார். சவர்க்காரத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம். சவர்க்காரத்துக்கு ஸைத்தூன், அதாவது ஒலிவ் எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். யுத்தத்தில் மைதானம் இராணுவ முகாமானது. கோல் கம்பங்களை யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்ததும் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு எண்ணெய் பீப்பாய்களை வைத்துப் பயிற்சி எடுத்தார்கள். இரண்டாம் பிரிவில் கிடந்து, முதலாம் பிரிவுக்கு ஏறி, இரண்டு முறை இறுதியாட்டத்தில் தோற்று, கடைசியில் ஒரேயொரு கிண்ணம். சங்கத்துக்குள் ஆட்கள் போவார்கள், வருவார்கள். அப்பா கண்ணாடியைக்கூட இறக்கமாட்டார். பிறகு ரொட்டியோடு வீட்டுக்கு வருவார்கள்.

"போய் அவையளைச் சந்தியுங்கோவன்," என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். "பெருமை காட்டப் போற மாதிரி இருக்கும்," என்பார் அப்பா. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. தான் அடித்த கோலைப் பற்றி வாய் திறக்காத மனுசன் என்று வேலைசெய்யும் முதியோர் இல்லத்தின் குசினியில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். வீட்டில் பந்துக் கதை தொடங்கினால் அவள் எழும்பிப் போய்விடுவாள். ஆட்டம் அவளுக்கு விளங்காது. ஆட்டக்காரனின் மனைவியாக இருந்தால் போதும்.

லிண்டா பீடத்துப் பக்கம் நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் இரத்த மாதிரி, அவள் வேலைசெய்யும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவளுடைய மேசைக்கே வந்தது. இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்ததும் அப்பா தப்பமாட்டார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அம்மா இரண்டு மாடி கீழே கதிரையில் இருந்தாள். டொக்ரர் சொல்லட்டும், அதுதான் முறை என்று லிண்டா இருந்தாள். டொக்ரர் கீழே இறங்குவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு ஆபத்தும் சாவும் ஒரே வசனத்தில் கிடைத்தன.

அம்மா அஞ்சலீனா பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலையோடு இருந்தாள். அப்பாவின் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அதை நேராக்கினாள், அது மறுபடி சரிந்தது.

"அம்மா, ஒருக்கா வாங்கோ."

"பூசை தொடங்கப்போகுது பிள்ளை."

"அதுக்கு முதல் வாங்கோ."

பீடத்துக்குப் பக்கத்து அறையில் மெழுகுதிரிப் பெட்டிகளும் ஒரு வக்யூம் கிளீனரும் இருந்தன. லிண்டா கதவைச் சாத்தினாள்.

"வந்திருக்கிறவை அப்பான்ர கழகத்து ஆக்கள். அப்பா ஆடின வருசத்தைக் கேக்கினம்."

"ஓம், சொல்லன். ஒன்பதாம் நம்பர்."

"அப்பா ஆடேல்ல அம்மா."

அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா ஒருநாளும் அந்தக் கழகத்துக்கு ஆடேல்ல. மாட்ச் பாக்கப் போறவர். அவ்வளவுதான். அந்தச் சட்டை கடையில வாங்கினது."

வெளியே யாரோ ஒலிவாங்கியைத் தட்டிச் சோதித்தார்கள். அம்மா மெழுகுதிரிப் பெட்டி ஒன்றின் மேல் இருந்தாள். அழப்போகிறாள் என்று லிண்டா நினைத்தாள். அவள் அழவில்லை. எதையோ கணக்குப் பார்ப்பவளைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த முழங்கால்?"

"என்ன?"

"குளிர் வந்தா அவருக்கு முழங்கால் உளையும். இவ்வளவு வருசமா எண்ணெய் போட்டு உருவினது நான். மாட்ச்சில உடைஞ்சதெண்டு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "மாட்ச்சில எண்டுதான் சொன்னவர்."

"மாட்ச்சிலதான். கிண்ணம் வெண்ட அண்டைக்கு மதிலுக்கு மேல இருந்து பார்த்தவராம். கடைசிக் கோல் விழுந்தவுடன துள்ளினவர். விழுந்திட்டார்."

அம்மா செபமாலையை மடியில் வைத்தாள்.

"ஏன், டிக்கெற் எடுக்கேல்லையோ?"

"முடிஞ்சு போச்சாம்."

"கள்ள மனுசன்," என்றாள் அம்மா. அவளுடைய குரல் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் வருகிற குரல். "உனக்கு எப்ப தெரியும்?"

"எனக்குப் பதினாறு வயசில."

"ம்." அம்மா எழும்பிச் சேலையை உதறினாள். "எனக்குச் சொல்ல நீங்கள் ரெண்டு பேரும் எந்த நாளைத் தெரிஞ்செடுத்து வச்சிருந்தனீங்கள்?"

பதிலுக்கு நிற்காமல் அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.

எலியாஸும் மற்றவர்களும் கோயிலின் பின்பக்கம் வரிசையாக நின்றார்கள். அம்மா அவர்களிடம் நேராகப் போனாள். அவளுக்கு ஆங்கிலம் குசினி அளவுக்குத்தான் வரும்.

"மை ஹஸ்பண்ட் நோ பிளே," என்றாள். "ஒன்லி வாட்ச். நோ டிக்கெற். சிற் ஆன் த வோல். சொறி."

மாமா ஓடி வந்தார். "தங்கச்சி, உனக்கென்ன விசரே? நோட்டீஸில போட்டாச்சு!"

"அவர் ஆடேல்ல அண்ணை."

"என்னட்டைப் படம் இருக்குது!"

"என்னட்டையும் இருக்குது," என்றாள் அம்மா.

எலியாஸ் திரும்பி மற்றவர்களுக்கு அரபியில் சொன்னார். வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ எதையோ கேட்டார்கள். எலியாஸ் லிண்டாவின் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கத்து மதில் என்று கேட்கிறார்கள்."

"ரயில் பாதைப் பக்கம்," என்றாள் லிண்டா.

கிழவர் ஒருவர் தலையை ஆட்டினார். அது போதும் என்பதுபோல.

"வீடு எங்கே?" என்று எலியாஸ் கேட்டார். லிண்டா தெருவின் பெயரைச் சொன்னாள்.

"நடந்து வரக்கூடிய தூரம்," என்றார் அவர். "ஏன் ஒருநாளும் வரவில்லை?"

"நீங்கள் கேட்பீர்கள் என்று. எந்த வருடம், என்ன இலக்கம் என்று."

எலியாஸ் கொடியைப் பார்த்தார். பிறகு தனக்குப் பின்னால் நின்றவர்களைக் கையால் காட்டினார். "இதில் ஆடியவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் மதிலில் இருந்தவர்கள்தான். நானும்."

அவர் கொடியை நான்காக மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "இது ஆட்டக்காரர்களுக்கு மட்டும்," என்றார் அம்மாவிடம். "வழக்கத்தை என்னால் மாற்ற முடியாது."

"ஓம்," என்றாள் அம்மா. "மாத்தாதேங்கோ." லிண்டா அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர்கள் போய்விடவில்லை. தமிழ்ப் பூசை முடியும்வரை பின்னால் நின்றார்கள். எல்லோரும் முழந்தாளிட்டபோது அவர்களும் முழந்தாளிட்டார்கள். யாரும் எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. பெட்டியை வெளியே கொண்டுவரும்போது மாமா யாரையும் பார்க்காமல் முன்பக்கக் கைபிடியைப் பிடித்திருந்தார். அவருக்கு எட்டுப் பேர் கிடைத்திருந்தார்கள். பின்பக்கத்து இருவரின் கழுத்தில் பச்சைத் துணி இருந்தது.

அனோஜும் மாமாவும் பிரேத வண்டிக்குப் பின்னாலேயே வேறு காரில் போனார்கள். லிண்டாவும் அம்மாவும் அதற்கடுத்த காரின் பின்னிருக்கையில். சாரதி வானொலியை நிறுத்தினார். அடக்கம் செய்யும் ரூக்வூட் சேமக்காலைவரை வாகனங்கள் ஆமைபோல ஊர்ந்தன.

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். வீட்டில் யாராவது பந்துக் கதை எடுத்தால் எழும்பிப் போகிறவள். காரில் எழும்பிப் போக இடமில்லை.

"எத்தினைக்கு எத்தினை?" என்று கேட்டாள்.

"என்னது?"

"அந்த மாட்ச்."

"ரெண்டுக்கு ஒண்டு."

"முதல் அடிச்சது ஆர்?"

"மற்றப் பக்கம். தொடங்கின கையோட. பாதி நேரம்வரைக்கும் எங்கட பக்கம் தோல்விதான்."

எங்கட பக்கம் என்று சொன்னதை லிண்டா பிறகுதான் கவனித்தாள். அம்மா திருத்தவில்லை.

"பிறகு?"

லிண்டா சொல்லத் தொடங்கினாள். இடைவேளைக்குப் பிறகு மழை வந்தது. கோல் காக்கும் கோலிக்குக் கையில் அடிபட்டது, மாற்றுக் கோலி இல்லை, ஒற்றைக் கையால்தான் நின்றான். ஒன்பதாம் இலக்கம் சமப்படுத்தினான். அம்மா இடையிடையே கேட்டாள். கோலி எண்டா பந்தைக் கையால தொடலாமோ? சமன் வந்தா ஆருக்குக் கிண்ணம்? தனக்குச் சொல்லப்பட்ட அதே வேகத்தில் லிண்டா சொன்னாள். அவசரப்படுத்தினால் எதுவும் விளங்காது என்று அப்பா சொல்லுவார்.

கார் சேமக்காலைக்குள் திரும்பி நின்றது. சாரதி இறங்கிப்போய்த் தள்ளி நின்றார். முன்னால் பிரேத வண்டியின் பின்கதவைத் திறந்திருந்தார்கள். எலியாஸின் ஆட்கள் பஸ்களிலிருந்து இறங்கிப் புல்லில் நின்றார்கள். மாமா கைகளை விரித்து யாரையோ அழைத்தார்.

"இன்னும் எத்தினை நிமிசம் கிடக்குது?" என்றாள் அம்மா.

"ஆட்டத்திலயோ?"

"ஓம்."

"மூண்டு."

அனோஜ் வந்து கண்ணாடியைத் தட்டினான். "அம்மா, எவ்ரிபடி இஸ் வெயிற்றிங்."

அம்மா அவனுக்கு உள்ளங்கையைக் காட்டினாள்.

"முடிச்சுப்போட்டு இறங்குவம்," என்றாள். "சொல்லு. பந்து இப்ப ஆரிட்டை?"