இரண்டாம் டிஸ்க்

வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு அவன் டிவி மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தான். கூடத்தின் மறுபக்கம் அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். உள்ளே வந்தவர்கள் முதலில் யாரைப் பார்ப்பது என்று ஒரு கணம் தடுமாறினார்கள்.

"டேய், பெத்தவ கிடக்கா, கம்ப்யூட்டர நோண்டுற நேரமாடா இது?" என்றார் சித்தப்பா.

"அம்மா போட்டோ இதுக்குள்ளதான் இருக்கு சித்தப்பா," என்று டார்ச்சை எடுத்துச் சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டான்.

அக்கா கேட்டிருந்தாள். அம்மா சிரிக்கிற ஒரே படம். மற்றதிலெல்லாம் கேமராவைக் கண்டதும் அடையாள அட்டை முகத்தை மாட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க அவனே பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கிய சர்வர் பெட்டி அது. பல மாதங்களாக, காலையில் அவன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனுக்கு எச்சரிக்கை வரும்: 'இரண்டாம் டிஸ்க் செயலிழக்கிறது.' சாயங்காலம் வந்து சோதித்தால் டிஸ்க் குத்துக்கல்லாட்டம் இருக்கும். புது டிஸ்க் வாங்கி மாட்டினான். அதுவும் மறுநாளே சாகப்போவதாக அறிவித்தது. பவர் சப்ளையை மாற்றினான். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டான். எச்சரிக்கை மட்டும் வேலை நாட்களில் விடுப்பு எடுக்கவில்லை.

"தினம் சொல்லிக்கிட்டு எவன்டா சாவான்? தூக்கிப் போடு அத," என்பாள் அம்மா.

அவள் சொல்லிக்கொள்ளவில்லை. குளியலறை வாசலில் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அவள் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, இதுவாவது தானாகச் சரியாயிற்றே என்று அவன் நிம்மதிகூடப் பட்டான்.

அம்மாவைக் கிடத்த மேசையை ஒதுக்கியதிலிருந்து படம் திறக்கவில்லை. இப்போது பெட்டியின் பின்பக்கம் டார்ச் வெளிச்சம் விழுந்தது. இரண்டாம் டிஸ்க்கின் கேபிள் பாதி கழன்றிருந்தது. அதன் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு நூல் சிக்கியிருந்தது. தரை துடைக்கும் மாப்பின் நூல்.

அத்தை குனிந்து பார்த்தாள்.

"உங்கம்மா வேலையா இருக்கும்ப்பா. நீ ஆபீஸ் கிளம்புனதும் முதல்ல அந்தப் பெட்டிய இழுத்துப் போட்டு அடியில துடைச்சிட்டு, திரும்ப அமுக்கித் தள்ளிவைப்பா. அந்நேரம் நான் போன் பண்ணுனா, 'இருங்க அண்ணி, புள்ள சாமான், தூசி படக்கூடாது'ம்பா."

அவன் டார்ச்சை வாயிலிருந்து எடுக்கவில்லை.

கேபிளை அழுத்தினான். எல்லா விளக்கும் பச்சையாயின. படம் கிடைத்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு பிரின்ட் போட ஓடினாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது கூடம் முழுக்கக் காலடித் தடங்கள். அத்தை மாப்பை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் அலமாரியைக் கிளறி ஒரு புதுக் கேபிளை எடுத்துவந்து மேசை அருகே நின்றான். மாற்ற ஒரு நிமிஷ வேலை.

பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அத்தை அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"நகர்த்தித் துடைங்க அத்தை."

"ஒயரு கழண்டுக்கும்டா."

"பரவால்ல. துடைங்க."

அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியை இழுத்தாள்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. புதுக் கேபிளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினான்.