வண்டியா, கையா?

எவுலாலியா வண்டியை எடுத்தால் ஊரே ஓரமாக ஒதுங்கும். முப்பத்தைந்து வருஷத்துப் பழைய பிக்கப். பின்னால் வைக்கோல் கட்டுகளோடு, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைபாய்ந்துகொண்டே மலைப்பாதையில் போய்வரும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் பொறுக்கமாட்டாமல் ஆல்புகர்க்கி நகரத்தில் இருக்கும் எவுலாலியாவின் மகன் பெனிட்டோவுக்கே போன் போட்டுவிட்டார். மறுநாளே அவன் மெக்கானிக் டெல்ஃபினோவின் கொட்டகையில் வந்து நின்றான், அம்மாவோடும் அந்த வண்டியோடும்.

"அம்மாவுக்கு அறுபத்தெட்டு ஆச்சு, நீனோ. சாவியை வாங்கிடப் போறேன். ஆட்டையெல்லாம் வித்துட்டு என்னோட வந்து இருக்கட்டும்."

டெல்ஃபினோ அவனுக்கு ஞானத்தகப்பன், அதனால்தான் நீனோ. ஞானப்பிள்ளையின் அம்மா என்பதால் எவுலாலியா அவருக்குக் கொமாத்ரே, அவர் எவுலாலியாவுக்குக் கொம்பாத்ரே. கொமாத்ரேவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்றுதான் அவரும் உள்ளுக்குள் நினைத்திருந்தார். ஆனாலும், "முதல்ல வண்டியைப் பாக்கறேன். அப்புறம் உங்கம்மாவைப் பாரு" என்றார்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்றது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றியும் சக்கரத்துக்குச் சேதியே போகவில்லை. சக்கரங்களைத் திருப்பும் டை ராடு முனைகள் நான்கும் கடகடவென்று ஆடின. ரப்பர் புஷ்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சக்கரத்தைத் தாங்கும் கீழ் பால் ஜாயிண்டைக் கடப்பாரையால் லேசாகத்தான் நெம்பினார். இறுக உட்கார்ந்திருக்க வேண்டிய குண்டு பொளக்கென்று வெளியே வந்துவிட்டது.

"அடக் கடவுளே! இதையா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க? நானா இருந்தா முதல் வளைவுலயே பள்ளத்துல கிடப்பேன். பனியில, இத்தனை பாரத்தோட... மகராசி!"

"எந்தப் பக்கம் இழுக்கும்னு எனக்குத் தெரியும், கொம்பாத்ரே. இழுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சிடுவேன். இதுல என்ன இருக்கு?"

பெனிட்டோ விடவில்லை. "மாத்தின பிறகும் ஆடினா?"

"ஆடினா சாவி உனக்கு" என்றார் எவுலாலியா, வெடுக்கென்று.

இரண்டு நாள் வேலை. பால் ஜாயிண்ட், டை ராடு, புஷ் எல்லாம் புதுசு. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் கட்டி, டேப் வைத்து அளந்து, டெல்ஃபினோ நேர் பார்த்தார். தானே ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். கோடு கிழித்த மாதிரி போயிற்று.

பிறகு எவுலாலியா ஏறினார். மாதா கோயிலுக்குப் போகும் மண்பாதையில் வண்டி இடம், வலம், இடம் என்று முன்னைவிட மோசமாக ஆடியது.

எவுலாலியா திரும்பி வந்து இறங்கினார். முகம் செத்துப்போயிருந்தது. மகன் கையில் சாவியை வைத்தார். "நீ சொன்னதுதான்டா சரி. வண்டி இல்ல. நான்தான்."

டெல்ஃபினோ தலையைக் குனிந்துகொண்டார். புழுதியில் டயர்த் தடம் கண்ணில் பட்டது. நாலடி நடந்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு வளைவும் ஒரே அளவு. தையல் மிஷினில் போட்ட மாதிரி.

"டேய், சாவியைக் குடுடா இங்க!" என்று பிடுங்கினார். "கை நடுங்கினா தடம் இப்படி அளந்து வச்ச மாதிரி விழுமா? கொமாத்ரே, இல்லாத ஆட்டத்துக்கு நீங்க ஈடு குடுத்துக்கிட்டு இருக்கீங்க. இத்தனை வருஷப் பழக்கம், சும்மா விடுமா? இனிமே வண்டி இழுக்காது. ரெண்டு விரலால சும்மா தொட்டுக்கிட்டு இருங்க, போதும்."

எவுலாலியா அரை மனசாகச் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். முதலில் ஒரு வளைவு. அடுத்தது பாதி. அதற்கப்புறம் தடம் நேராக, நேராக, கோயிலைத் தாண்டியும் நேராகப் போயிற்று. என்ன கை, என்ன கை! டெல்ஃபினோவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவர் துடைக்கவும் இல்லை.

வண்டி திரும்பவில்லை. பின்னால் வைக்கோல் கட்டுகளோடு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க போறாங்க?"

"ஆட்டுக்குத் தீனி வைக்கிற நேரம்டா."

பெனிட்டோ அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இப்ப அம்மாகிட்ட என்னன்னு சொல்றது, நீனோ?"

"ஒண்ணும் சொல்லாதே. பின்னாலயே போய் வைக்கோலை இறக்கு."