பக்கத்துக் கட்டிலின் மார்க்கு

காலையில் நர்ஸ் தள்ளுவண்டியோடு வார்டுக்குள் நுழைந்தால், தையல்காரர் முதலில் பார்ப்பது பக்கத்துக் கட்டில் லாரி ஓட்டுநரின் முகத்தைத்தான். இருவருக்கும் பெருங்குடலில் புற்றுநோய். ஒரே டாக்டரம்மாதான் ஒரே நாளில் இருவருக்கும் கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, மிச்சக் குடலை இணைத்துத் தைத்திருந்தார். அதற்குப் பின் தினமும் ரத்தம் எடுத்து ‘சி.ஆர்.பி.’ பார்த்தார்கள். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் அளவு அது. அறுவை முடிந்ததும் ஏறும், பிறகு இறங்க வேண்டும்.

ஓட்டுநருக்கு இறங்கியது. தையல்காரருக்கு இறங்குவேனா என்றது.

அடுத்த கடையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டாலே நெஞ்செரிகிற மனிதர் அவர். ஓட்டுநர் நடை பழகினால் தானும் எழுந்து நடந்தார். ஓட்டுநர் ஒரு கிண்ணம் சூப் குடித்தால் இவர் இரண்டு கேட்டார். இரண்டாவதை மனைவிதான் திரும்பி நின்று குடித்து முடித்தாள்.

“ஏங்க, அந்த அண்ணனைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்காரு” என்று அவள் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

அன்றிரவு வயிறு முறுக்கியது, குளிர் உலுக்கியது. வாயைத் திறந்தால் ஓட்டுநர் ஜெயித்துவிடுவாரே! போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். காலையில் ரத்தம் எடுக்க வந்தவர் வார்டுக்குப் புதியவர். முந்தைய நாள் பஞ்சு ஒட்டியிருந்த கையை நீட்டி, இப்போதுதான் எடுத்துப் போனார்கள் என்று அனுப்பிவைத்தார் தையல்காரர். பரீட்சைக்கே போகாதவனை யார் ஃபெயிலாக்க முடியும்?

நர்ஸ் வந்ததும் ஓட்டுநர் வாயைத் திறந்தார். “டெய்லருக்கு ரத்தம் எடுக்கலைங்க. பழைய பஞ்சைக் காட்டி ஏமாத்திட்டாரு. ராத்திரியெல்லாம் முனகிட்டு வேற இருந்தாரு.”

இவன் முகத்தில் ஏழு ஜென்மத்துக்கும் முழிப்பதில்லை என்று தையல்காரர் சபதம் எடுத்தார். ரத்தம் எடுக்க ஊசி ஏறியது. அளவு தாறுமாறாக எகிறியிருந்தது. ஸ்கேனில், இணைத்த இடம் கசிவது தெரிந்தது. வாடிக்கையாளரின் சட்டையில் தையல் பிரிந்தால் நூலைத் திட்டித் தப்பித்தே பழகியவருக்கு, அன்று திட்ட நூல்கூடக் கிடைக்கவில்லை. மதியமே மறுபடி வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரர் வார்டுக்குத் திரும்பியபோது, வீட்டுக்குப் போகப் பையைக் கட்டிவிட்ட ஓட்டுநர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“கிளம்பலையா?”

“போனா அங்க யாரு இருக்கா டெய்லரே? உங்க வீட்டம்மா உங்க காலை அமுக்கி விட்டுட்டே இருப்பாங்க. அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பொறாமை. கண்ணை எடுக்காம பாத்துட்டே இருந்தேன். அதான் பஞ்சு விஷயமும் தெரிஞ்சுபோச்சு.”

தையல்காரர் நிமிர்ந்து அந்த முகத்தையே பார்த்தார். சபதம் இரண்டு நாளில் காலாவதியானது.

ஆனாலும் டாக்டரம்மா வந்ததும் பழக்கதோஷம் விடவில்லை. “என் அளவு இவரோடதைவிடக் குறைஞ்சிருக்கா?” என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அது மார்க்கு இல்லைங்க. உள்ள ஏதோ சரியில்லைன்னு முன்னாடியே வந்து கதவைத் தட்டுற ஆளு. நீங்க கதவைச் சாத்தினா அந்த ஆளுதான் போவான், ஆபத்து போகாது.”

மறுநாள் ஓட்டுநரின் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அறுவை முடிந்து கண் திறந்ததும், உங்கள் சி.ஆர்.பி. எவ்வளவு என்று விசாரித்தார்.

தையல்காரர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். “என்னைப் பாத்துப் பொறாமைப்படணும்னா தாராளமாப் படுங்க. ஆனா உங்க வலியை மட்டும் டாக்டர்கிட்ட மறைச்சுடாதீங்க. ஜெயிக்கிறதுக்கு முதல்ல ஆளு உயிரோட இருக்கணும்.”