மணி அடிக்கும்போது அறுந்த நேரலை

எங்கள் அம்மன் கோயில் ஒரு கார் கராஜுக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது. சூரிச்சிலிருந்து எஸ்-பான் ரயிலில் வந்தால் கடைசிக்கு முந்திய நிறுத்தம். வெள்ளிக்கிழமைப் பூசையை யூடியூப்பில் நேரலையாக விடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் டொரொண்டோவிலும் இருக்கிற சொந்தங்கள் அம்மனைப் பார்க்கத்தான் என்று சொல்வார்கள். உண்மையில் யார் என்ன சேலை உடுத்தி வந்திருக்கிறார்கள் என்று பார்க்க. அதில் பிழையில்லை. அம்மனும் சேலை உடுத்தித்தான் நிற்கிறாள்.

அந்த நேரலை ஒவ்வொரு வெள்ளியும் சரியாகத் தீபாராதனை நேரம் அறுந்துவிடும். திரும்ப வரும்போது ஐயர் விபூதி கொடுத்துக்கொண்டிருப்பார்.

கோயில் தலைவர் பத்மநாதன் அங்கிள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வெள்ளி, பூசை முடிந்த கையோடு மைக்கைப் பிடித்தார்.

"குசினிக்குள்ள நிண்டுகொண்டு சில பெண்டுகள் கோயில் வைஃபையில நாடகம் பாக்கினம். அதாலதான் லைவ் அறுகுது. சிவமலர், உம்மட ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லும்."

சிவமலர் என் அம்மா. கோயில் தொடங்கிய காலத்திலிருந்து அதன் குசினியில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவள். அவளுக்குக் கோயில் வைஃபையின் பாஸ்வேர்டே தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கால் உளையுது என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் கால் உளைந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வங்கிக் கட்டடத்தை அதே காலோடுதான் கூட்டித் துடைத்தாள். அங்கே அவள் 'ஃப்ராவ் எஸ்', அதாவது திருமதி எஸ். பெயர் நீளம் என்று சுருக்கிவிட்டார்கள். இந்த நாட்டில் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் கோயில் ஒன்றுதான். அங்கேயும் அந்தப் பெயரை மைக்கில் போட்டு நாறடித்தாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கணினித் துறை. கோயிலைப் பொறுத்தவரை அதற்கு ஒரே பொருள்: பிரிண்டரில் பேப்பர் இறுகினால் கூப்பிடலாம். இந்த முறை கூப்பிடாமலே போனேன்.

"அங்கிள், நெட்வேர்க்கைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் போடப்போறன். எது எப்ப விழுகுது எண்டு அதுவே சொல்லும்."

"எவ்வளவு காசு முடியும் பிள்ளை?"

"சும்மா. ஓபன் சோர்ஸ்."

"சும்மா குடுக்கிற சாமான் உருப்படியா இருக்குமோ?"

"அன்னதானமும் சும்மாதானே அங்கிள் குடுக்கிறியள்."

பக்கத்தில் இருந்த செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜா அங்கிள் இருமினார்.

அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு பழைய கணினி. அர்ச்சனைச் சீட்டு அடிக்கிற புரோகிராம் அதில்தான் ஓடுகிறது. அதற்கு ஏதும் ஆனால் அடுத்து மைக்கில் வருவது என் பெயர். ஆகவே அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, அதில் லினக்ஸ் ஏற்றினேன்.

"ஒரு கொம்பியூட்டருக்குள்ள இன்னொண்டோ?" செயலாளர் குனிந்து பார்த்தார்.

"ஓம் அங்கிள். வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விட்ட மாதிரி. கட்டடம் ஒண்டு, குடித்தனம் வேற."

"அப்ப வாடகை ஆர் குடுக்கிறது?"

முதல் நாள் திரை முழுக்கப் பச்சை. சந்தோசப்பட்ட பிறகுதான் பார்த்தேன்: விர்ச்சுவல் மெஷினின் நெட்வேர்க்கை, அதைத் தனியே பிரித்து வைக்கும் 'நாட்' முறையிலேயே விட்டிருக்கிறேன். ஒரு சாதனமும் அதன் கண்ணில் படவில்லை. தன்னைத்தானே பார்த்து எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, நிர்வாக சபையைப் போல. கோயில் நெட்வேர்க்கோடு நேரே சேர்க்கும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி, சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ரவுட்டர், கருவறைக்குப் பின்னாலிருக்கும் நெட்வேர்க் சுவிட்ச், அதில் கொழுவிய கமரா, குசினி வைஃபை. நாலும் வரிசையில் வந்து நின்றன.

வெள்ளி வந்தது. நான் அலுவலகக் கதவைத் திறந்துவைத்துத் திரையின் முன் இருந்தேன். எல்லாம் பச்சை. தீபாராதனைக்கு ஐயர் தட்டை எடுத்தார். தலைவர் எழுந்துபோய் மெஷினின் பொத்தானை அமத்தினார்.

மெஷின் என்றால் மணி மெஷின். மேளகாரருக்குப் பதிலாக ஒரு மோட்டார், இரண்டு மணி, ஒரு முரசு. முகப்பில் பித்தளைத் தகடு: 'உபயம்: பத்மநாதன் குடும்பம்.' அந்தப் பொத்தானை அவரைத் தவிர வேறு யாரும் தொட முடியாது.

மெஷின் முழங்கியது. சுவிட்ச் சிவப்பு. கமரா சிவப்பு. குசினி பச்சை.

போய்ப் பார்த்தேன். மெஷினும் சுவிட்சும் கருவறைக்குப் பின்னால் ஒரே பழைய நீட்டு வயரில் கொழுவியிருந்தன. மோட்டார் மின்சாரத்தை இழுக்கிற இழுவையில் சுவிட்சுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. தெளிந்து எழும்பும்போது ஆராதனை முடிந்துவிடும்.

பூசை முடிந்ததும் தலைவரையும் செயலாளரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, திரையைத் தலைவர் பக்கம் திருப்பினேன்.

"அது நல்ல மெஷின். இந்தியாவில இருந்து இறக்கினது," என்றார்.

"மெஷின் நல்லது அங்கிள். கொழுவின இடம்தான் பிழை. குசினி பச்சையா நிக்குது, வடிவாப் பாருங்கோ."

"சரி, விடு பிள்ளை. இப்பத் தெரிஞ்சுதுதானே."

"எங்கள் மூண்டு பேருக்குத் தெரிஞ்சுது. மைக்கில சொன்னதை மைக்கிலயே திருப்பி எடுங்கோ."

"பெரிய ஆக்களோட கதைக்கிற மாதிரியோ இது?" செயலாளர் கேட்டார்.

"பெரிய ஆக்கள் கதைச்சதாலதான் அங்கிள் கதைக்கிறன்."

தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷின் ஓடேக்க கமரா வேலை செய்யாது, அப்பிடித்தானே?"

"ஓம்."

"சரி. வாற வெள்ளி சொல்லுறன்."

அந்தக் கிழமையே சுவிட்சின் மின்வயரை வேறு இணைப்புக்கு மாற்றினேன். காலியாக இருந்த ஒரே பிளக் குசினியில், சோத்துக் குக்கருக்குப் பக்கத்தில். மாற்றினாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளி, அம்மாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அதைத் தாண்டி உள்ளே வரமாட்டாளாம்.

ஐயர் தட்டை எடுத்தார். தலைவர் ஒரு கையில் மைக்கை எடுத்தார். மறு கையால் பொத்தானை அமத்தினார். மணியும் முரசும் சேர்ந்து இடித்தன. அந்த இடிக்குள் அவருடைய வாய் அசைந்தது. மண்டபத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கடன் தீர்ந்தது என்பதுபோல. மண்டபத்துக்குச் சத்தத்தில் கேட்காது. கமராவோ செத்துக் கிடக்கும் என்பது அவர் கணக்கு. அதை அவருக்குத் திரையில் காட்டி விளக்கினவளே நான்தான்.

எனக்குக் கொதித்தது. கண்காணிப்புத் திரையை என் போனில் பார்த்தேன். சுவிட்ச் பச்சை. கமரா பச்சை.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. டொரொண்டோவிலிருந்து வேணுகா சின்னம்மா. போனைக் காதில் வைக்கவே தேவையில்லை.

"அக்கா! பத்மநாதன் மன்னிப்புக் கேக்கிறார், நீ என்ன பேசாமல் நிக்கிறாய்?"

மைக்கிலிருந்து நேரலைக்குத் தனி வயர் போகிறது. உதட்டோடு ஒட்டிச் சொன்னதை அது துப்புரவாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"இஞ்ச ஒண்டும் கேக்கேல்லையடி. என்னவாம்?" அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். மெஷின் நின்றுவிட்டிருந்தது. மண்டபம் அமைதியாக இருந்தது.

"சிவமலரிலயும் குசினிப் பெண்டுகளிலயும் ஒரு பிழையும் இல்லையாம். தன்ர மெஷினாலதானாம். தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டாராம்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. தலைவர் பித்தளைத் தகட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சனத்துக்கு நடுவால் நடந்து குசினிக்குப் போனாள். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, வேணுகா அந்த வீடியோவை அனுப்புறாளாம். இஞ்சத்தே வைஃபை பாஸ்வேர்ட் என்ன?"