பன்னிரண்டாவது நிமிடம்

"எவ்வளவு?" என்று டெல்மர் கத்தினார். காதுக் கவசத்தைத் தாண்டி அது முணுமுணுப்பாகத்தான் வந்து சேர்ந்தது.

மார்லிஸ் சூடு காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாயில் பென்சில், மடியில் நோட்டு, இடது கையில் நிறுத்துக் கடிகாரம். அவள் கணவன் வெண்டல் தன் கையால் கட்டிய சிறு விமானத்தின் வாலைச் சங்கிலி போட்டு டெல்மரின் பிக்கப் வண்டியோடு கட்டியிருந்தார்கள். விமானத்துக்குள் அவள் பக்கத்து இருக்கையில் அவர் இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தார். பின்னால் ஆள் உயர மக்காச்சோளம் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. ஆகஸ்ட் மாத வெயில், நிழலிலேயே தொண்ணூற்றொன்று பாரன்ஹீட்.

ஆறாவது நிமிடம் தாண்டிவிட்டது.

பதினாறு வருடமாக அதைத் தாண்டியதில்லை. தண்ணீரின் சூடு இருநூற்றிருபதைத் தொடும், வெண்டல் எஞ்சினை அணைப்பான், மூடியைக் கழற்றுவான், கொதிக்கிற ரேடியேட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் ஆறுதான்" என்பான். அவள் தட்டை வைப்பாள்.

எட்டாவது நிமிடத்தில் முள் ஒரு தடவை நடுங்கியது. போச்சு என்று நினைத்தாள். அது ஏறவில்லை. மூன்று டிகிரி இறங்கி, அங்கேயே நின்றது. ஏனென்று தெரியாமலே அதையும் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் டெல்மர் எஞ்சினை அணைத்தார். சட்டென்று வந்த அமைதியில் ஒரு வெட்டுக்கிளியின் சத்தம் கேட்டது.

"சொல்லித் தொலையேன் மார்லிஸ்."

"தண்ணி நூத்தித் தொண்ணூத்தெட்டு. எண்ணெய் இருநூத்தி நாலு."

டெல்மர் எட்டிக் குதித்துக் கீழே இறங்கினார். அறுபத்தெட்டு வயதுக்காரர் அப்படிக் குதிக்கக் கூடாது. விமானத்தின் வயிற்றுப் பக்கம் குனிந்து புகைக்குழாயைப் பார்த்தார். இந்த வகை எஞ்சினில் வால்வு கிடையாது. எரிந்த நெருப்பு ஆறாமல் அப்படியே குழாயில் வந்து இறங்கும். இதற்கு முன் மாட்டிய மூன்று சைலன்சரின் குடலையும் அது தின்றுவிட்டது. ஒன்று துண்டு துண்டாகப் பறந்துபோய் பக்கத்துக்காரரின் சோயா வயலில் விழுந்தது. இந்த நான்காவதற்கு வெண்டல் உள்ளே தகடே வைக்கவில்லை. தடிமனான குழாய், அதற்குள் துளை போட்ட இன்னொரு குழாய், அவ்வளவுதான்.

"சூட்டுல வெறும் நீலம் பூத்திருக்கு. ஒரு விரிசல் இல்ல" என்றார். தொப்பியைக் கழற்றி முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டார். "போ. போய் அவன்ட்ட சொல்லு."

"நீங்களும் வாங்க."

"சங்கிலியக் கழட்டணும். விமானத்த உள்ள தள்ளணும்."

"அப்புறம் தள்ளலாம்."

டெல்மர் சங்கிலியின் பக்கம் நடந்தார். வெண்டலின் நண்பர்தான், ஆனாலும் மூன்று வாரமாக அவனைப் பார்க்க வீட்டுக்கு வரவில்லை. முதலில் வைக்கோல் கட்டு வேலை என்றார், பிறகு முதுகுவலி என்றார். மார்லிஸ் வற்புறுத்தவில்லை. நோட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினாள்.

வீடு ஏழு மைல். காலையில் நர்ஸ் வந்து, படுக்கையில் கிடந்த வெண்டலின் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து தாழ்ந்த குரலில், "இன்னைக்கே முடிஞ்சிடலாம். இல்லன்னா நாளைக்கு" என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகும் மார்லிஸ் கார்ச் சாவியை எடுத்தபோது மகள் ரோண்டா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்காம்மா? அந்த எஞ்சினப் பாக்க இன்னைக்குத்தான் போணுமா?"

"அவன்தான் போகச் சொன்னான்."

"அப்பாவுக்கு மருந்து மயக்கம். என்ன சொல்றார்னு அவருக்கே தெரியாது."

வெண்டலுக்குத் தெரியும். காலையில் அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக மூச்சு சேர்த்துச் சொன்னான். "டெல்மரத் தனியா விடாத. அவன் ஆசைப்படற நம்பரப் படிப்பான். நீ, இருக்கற நம்பரப் படிப்ப."

அவளுக்கு அந்த விமானத்தைப் பிடித்ததே இல்லை. பள்ளி பஸ் பழுது பார்க்கிறவனுக்கு விமானம் எதற்கு என்று முதல் வருடம் கேட்டாள். ஐந்தாவது வருடம் கேட்பதை விட்டுவிட்டாள். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை மதியம், கோடையில் வேலைநாள் மாலை எல்லாம் அந்தத் தகர ஷெட்டுக்குப் போயின. பள்ளிக்கூடச் சமையலறையில் உடன் வேலை செய்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "என் வீட்டுக்காரனுக்கும் ஒரு சின்ன வீடு இருக்கு. பொம்பளையா இருந்தா போய் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். இது எஞ்சின். என்னத்தப் பிடிக்கிறது?"

ஏப்ரலில் கணையத்தில் கட்டி என்றார்கள். மே மாதத்தில் அவனால் நிற்க முடியவில்லை. ஷெட் வீட்டுக்கு வந்தது.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தெர்மகோல் நுரைக்கட்டியை வைத்து, ரொட்டி அறுக்கும் கத்தியால் அவன் செதுக்கினான். முன்னால் கைமுஷ்டி அளவு வாய், உள்ளே போகப்போக மெதுவாக அகன்று, கடைசியில் ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடுகிற காற்றுக் குழாய். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து அவள் ரெசின் பசை தடவினாள். வீடெங்கும் அந்த வாடை. ரோண்டா போனில் திட்டினாள்.

"இத்தன வருஷமா வாயப் பெருசாக்கிட்டே இருந்தேன் மார்லி" என்றான் ஒருநாள். "நிறையக் காத்து வந்தா ஆறிடும்னு நெனச்சேன். வந்த காத்து ரேடியேட்டருக்குள்ள போகாம முட்டி மோதி சுத்திப் போயிடுச்சு. காத்துக்கு எப்பவும் அவசரம். கொஞ்சமா உள்ள விட்டு, இடம் குடுத்து, நிதானமாக்கணும். அப்பத்தான் அது சூட்ட எடுத்துக்கும்."

"இதக் கண்டுபிடிக்க பதினாறு வருஷமா?"

"உன்ன மாதிரி ஒருத்தி பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டிருந்தா ரெண்டு வருஷத்துல முடிச்சிருப்பேன்."

"நீ கூப்பிட்டியா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். அவள் துணியின் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அந்த நான்கு மாதம்தான் அவனோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

மார்லிஸ் வீடு வந்தபோது ரோண்டா வாசலுக்கு வரவில்லை. கூடத்தில் போட்டிருந்த கட்டிலின் அருகே, தகப்பனின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "முழிச்சுத்தான் இருக்கார். நீ வர்ற வரைக்கும் தூங்க மாட்டேன்னு அடம்" என்றாள்.

மார்லிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் உடம்பெல்லாம் பெட்ரோல் வாடை. வெண்டல் கண்ணைத் திறந்தான்.

"பன்னெண்டு நிமிஷம்" என்றாள். "முழு வேகம். தண்ணி நூத்தித் தொண்ணூத்தெட்டு. எண்ணெய் இருநூத்தி நாலு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, உதடு மெல்ல ஒரு பக்கமாக இழுக்க, அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"நீ ரொம்ப நல்லவ மார்லி."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

"இல்ல. நிஜமாவே."

"சரி."

"சரியா? என்ன சரி? நான் சொல்றது பொய்னு நெனைக்கிறியா?"

"நானா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்" என்றான். குரல் வெறும் காற்றாக வந்தது. குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வெண்டல், நான் என்னைக்காவது உன்ட்ட நம்பர மாத்திச் சொல்லியிருக்கேனா? உன் சம்பளக் கவர்லேர்ந்து நீ ஸ்பேனருக்கு எடுத்ததக்கூட முகத்துக்கு நேரா சொன்னவ நான்." குரல் உயர்ந்துவிட்டது.

"அம்மா" என்றாள் ரோண்டா.

"நீ சும்மா இரு." மார்லிஸ் நோட்டைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவனால் படிக்க முடியவில்லை. கண்கள் பக்கத்தின் மேல் வழுக்கின. அவள் நோட்டைத் திருப்பி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். "வெளிச்சூடு தொண்ணூத்தொண்ணு. ஒண்ணாவது நிமிஷம் நூத்தி அறுபது. ரெண்டாவது நூத்தி எழுபத்தஞ்சு..."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற முகம். அவள் நிறுத்தவில்லை.

"ஏழாவது, இருநூத்தி ஒண்ணு. எட்டாவது நிமிஷம், முள்ளு ஒரு தரம் நடுங்குச்சு. அப்புறம் மூணு டிகிரி தானா எறங்கி, நூத்தித் தொண்ணூத்தெட்டுல நின்னுடுச்சு. ஒம்பதாவது..."

"இரு."

கண் திறந்திருந்தது.

"நடுங்குச்சா?"

"ஆமா. ஒரே தரம்."

"நடுங்கிட்டு எறங்குச்சா?"

"அதான சொல்றேன்."

வெண்டல் கூரையைப் பார்த்தான். அவன் மூச்சு ஒன்று போய், அடுத்தது வர வெகு நேரம் பிடித்தது. ரோண்டா எழுந்து நின்றாள்.

"காத்துக் குமிழி" என்றான். "ரேடியேட்டர் மேல்மூலைல மாட்டியிருந்திருக்கு. அதான் நடுங்கியிருக்கு. வெளிய போனதும் எறங்கியிருக்கு." அவன் அவள் பக்கம் திரும்பினான். "இத உன்னால இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது."

"முடியாது" என்றாள் மார்லிஸ்.

அவன் அழவில்லை, சிரிக்கவுமில்லை. நெற்றி சுருங்கியது. எத்தனையோ இரவுச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து அவள் வெறுத்த சுருக்கம் அது. அவன் இங்கே இல்லாமல் ஷெட்டுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

"அப்படின்னா காத்து வெளிய போற பின்வாய் ரொம்பப் பெருசு" என்றான். "தேவைக்கு மேல காத்து போகுது. வீணா இழுக்கும், வேகம் கொறையும். ரெண்டு இன்ச் கொறைச்சிடலாம்."

"ரெண்டு இன்ச்சா?"

"அத மறைக்கற தகட்டுக்கு மொதல்ல அட்டைல வெட்டு. வெட்டிக் கொண்டா, பாக்கறேன். ஓரம் வளையணும். நேரா வெட்டிடாத."

அவள் எழுந்தாள். சமையலறையில் ஓட்ஸ் பெட்டியைக் காலி செய்து, பிரித்து, மேசைமேல் தட்டையாக வைத்தாள். அந்த மேசையில் இன்னும் ரெசின் சொட்டு காய்ந்த இடங்கள் இருந்தன. அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். வளைவுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் விளிம்பைச் சுற்றி வரைந்தாள். கத்தரிக்கோல் அட்டையில் பாதி வளைவைத் தாண்டியபோது ரோண்டா கூப்பிட்டாள். "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள், சத்தமாகக்கூட இல்லை.

மார்லிஸ் மீதி வளைவையும் வெட்டினாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

ஐந்தேகால். ஜன்னல் வெயில் போர்வையின் பாதிவரை வந்திருந்தது. வெண்டலின் நெற்றியில் அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது. ரோண்டா அதைக் கையால் நீவி விடப் போனாள். மார்லிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்."

சனிக்கிழமை தேவாலயத்தில் அடக்க ஆராதனை. கீழ்த்தளத்தில் ஹாம் ரொட்டியும் காபியும். டெல்மர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் போன பிறகு காபிக் கோப்பையோடு அவளிடம் வந்தார்.

"அவன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்புனானா?"

"பின்வாய ரெண்டு இன்ச் கொறைக்கச் சொன்னான்."

டெல்மர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் வந்திருக்கணும் மார்லிஸ்."

"காபி ஆறிடும், குடிங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் ரோண்டா ஊருக்குக் கிளம்பினாள். அன்று மத்தியானமே மார்லிஸ் ஷெட்டுக்குப் போனாள். அட்டையை அலுமினியத் தகட்டின் மேல் வைத்து அச்செடுத்தாள். தகடு வெட்டும் கத்தரி அவள் கைக்குப் பெரிது. இரண்டு தகடு கெட்டுப்போனது. மூன்றாவதில் டெல்மர் துளை போட்டு, ரிவெட் ஆணி அடித்துப் பின்வாயில் பொருத்தினார். திரும்பவும் வாலில் சங்கிலி. அவர் பிரேக்கில், அவள் நோட்டோடு.

பன்னிரண்டு நிமிடம். வெளியே எண்பத்தொன்பது. தண்ணீர் இருநூற்று ஆறு: கொஞ்சம் ஏறினாலும் இருநூற்றிருபதுக்கு வெகு கீழேதான், வெண்டலின் கணக்குப்படியே.

எழுதி, அடியில் கோடு போட்டாள். கவசத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். இறங்கி, நோட்டை எடுத்துக்கொண்டு, அன்று போலவே நேரே காருக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கார் கிளம்பியது. வெகு நேரம் அது நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

டெல்மர் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

அவள் காரை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். எஞ்சின் மூடிக்குள் உலோகம் ஆறுகிற சின்னச் சின்னச் சத்தம். புரொப்பெல்லருக்குக் கீழே, அவள் கையால் துணி விரித்துச் செய்த அந்த முன்வாய். எஞ்சின் நின்ற பிறகு உள்ளேயிருக்கிற சூடு மெல்ல வந்த வழியாகவே திரும்பி வரும். அவள் உள்ளங்கையை அங்கே வைத்தாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்து கையில் பட்டது.

விமானத்தை உள்ளே தள்ள, டெல்மர் ஷெட் கதவைப் பாதி இழுத்துத் திறந்துவிட்டு, அவள் கையை எடுக்கும்வரை மீதியை இழுக்காமல் நின்றார்.